பெருந்தொற்றும் சேரியும்: எழுதப்படாத இரண்டு ஆண்டுகள்



நாம் இன்று யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ, அவரை அடக்கம் செய்த நாளில் நம்மில் பெரும்பாலோர் அங்கே இல்லை. 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். இறுதி நிகழ்வில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது அன்றைய விதி. மருத்துவமனையிலிருந்து நேராக இடுகாட்டுக்கு வந்த உடல் என்பதால் ஆறு பேரைத்தான் உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் சாலையில் நின்றோம். முப்பது ஆண்டுகள் நமக்கெல்லாம் வாத்தியாராக இருந்தவருக்குப் பறை இல்லை, நீலக்கொடி இல்லை, வீரவணக்க முழக்கம் இல்லை. கட்டிய உடலைக் குழியில் இறக்கியவர்கள் நம் பகுதியைச் சேர்ந்த தூய்மைப் பணியாளர்கள். அவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை நாம் பார்க்கவில்லை.

அவர் இருந்திருந்தால் முதலில் ஒரு நோட்டை எடுத்து எழுதியிருப்பார். "நடந்ததை நாம் எழுதாவிட்டால், நடக்கவில்லை என்று அவர்கள் எழுதுவார்கள்" என்பது அவர் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆகவே அவர் நினைவில் நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு அவரையே கொண்டுபோன காலத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முகக்கவசம் தேவையில்லை என்றோ தடுப்பூசி சதி என்றோ வாதாட நாம் வரவில்லை. கிருமி உண்மை. அது சாதி பார்த்து ஒட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் கிருமியைத் தடுக்க வந்த விதி சேரிக்குள் நுழையும்போது யார் கையில் இருந்தது, யாரைக் காத்தது, யாரை அடித்தது என்பதே நம் கேள்வி.

இடைவெளி என்ற சொல்

2020 மார்ச்சில் தெருவெங்கும் ஒரு சொல் ஒட்டப்பட்டது: சமூக இடைவெளி. சமூகவியல் படித்த நமக்கு அது பழைய சொல். 1920-களில் எமரி போகார்டஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 'சமூக இடைவெளி'யை அளக்க ஓர் அளவுகோல் செய்தார். வேறு இனத்தவரை மணஉறவாக ஏற்பாயா, பக்கத்து வீட்டில் குடியிருக்க விடுவாயா, உன்னோடு வேலை செய்ய விடுவாயா என்று கேட்டு, மனிதருக்கு மனிதர் காட்டும் விலக்கத்தை எண்ணாக்கினார். அதாவது வெறுப்பை அளக்கப் பிறந்த சொல் அது. நம் ஊர்களில் அந்த அளவுகோலுக்கு வேலையே இல்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவே உள்ள வாய்க்காலே போதும்.

மருத்துவத்துக்குத் தேவைப்பட்டது உடல் இடைவெளி. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அந்தச் சொல்லுக்கு மாறிக்கொண்டது. நம் சுவர்களில் மட்டும் 'சமூக இடைவெளி' பெரிய எழுத்தில் நின்றது. சொல்தானே என்று சிலர் கேட்டார்கள். டீக்கடையில் தனிக் குவளை வாங்கிக் குடித்தவர்களுக்கு அது வெறும் சொல் இல்லை.

முகத்தை மூடுவதும் அப்படித்தான். பேஷ்வாக்கள் காலத்துப் பூனாவில், எச்சில் தரையில் விழுந்து தீட்டாகிவிடும் என்று தீண்டப்படாதவர் கழுத்தில் மண்கலயம் தொங்கவிடப்பட்டதை 1936-இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். நம் பாட்டன்மார் பண்ணையார் முன்னால் தோள்துண்டை இடுப்பில் கட்டி, வாய்பொத்தி நின்றவர்கள். முதல் ஊரடங்கின்போது மருந்துக் கடைகளில் முகக்கவசம் கிடைக்கவில்லை. துண்டையாவது கட்டிக்கொண்டு வா என்று போலீசார் விரட்டினார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "அப்ப துண்ட இடுப்புல கட்டுன்னான். இப்ப மூஞ்சில கட்டுன்றான். தோள்ல போட எப்பதாம்பா வுடுவான்?" நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் துண்டைக் கட்டிக்கொண்டார். நோய் வரக் கூடாது என்ற அறிவும் மானம் போகக் கூடாது என்ற நினைவும் ஒரே துண்டில் முடிந்து கிடந்தன.

1897, 1918

2020-இல் நம்மை ஆண்ட சட்டம் 2020-இல் பிறந்ததல்ல. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியதும் ஆங்கிலேய அரசு 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மிகச் சிறிய சட்டம். அதன் சாரம் இரண்டு: மீறுபவருக்குத் தண்டனை உண்டு, அந்தச் சட்டப்படி நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரி மீது வழக்குப் போட முடியாது. மக்களுக்கு அரசு என்ன தர வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. 123 ஆண்டுகள் கழித்துச் சுதந்திர இந்தியா கையில் எடுத்தது அதே கோலைத்தான்.

அந்தப் பிளேக்கில் இரண்டு காட்சிகளை நாம் மறக்கக் கூடாது. பம்பாயில் பொது மருத்துவமனைக்குப் போனால் பிற சாதியாரோடு கலக்க வேண்டியிருக்கும் என்று சாதிக்கொரு மருத்துவமனை திறந்துகொண்டார்கள். சாவின் வாசலிலும் தொற்றைவிடத் தீட்டுக்கே அஞ்சினார்கள். அதே நேரம் பூனாவுக்கு வெளியே முண்டுவாவில், மகர் குடியிருப்பில் பிளேக் கண்ட ஒரு சிறுவனை முதுகில் சுமந்துகொண்டு தன் மகன் நடத்திய மருத்துவ முகாமுக்கு நடந்தார் அன்னை சாவித்திரிபாய் பூலே. அவருக்கும் நோய் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். கொள்ளைநோய்க் காலத்தில் தொடுவது என்றால் என்ன என்று அவர் காட்டினார். நம் மரபு அங்கே தொடங்குகிறது.

அடுத்தது 1918 இன்ஃப்ளூயன்சா. அந்த ஆண்டு பம்பாய் நகரத்துச் சாவுக் கணக்கைச் சாதிவாரியாக எடுத்திருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3, பிற சாதி இந்துக்கள் 18.9, தாழ்த்தப்பட்ட சாதியார் 61.6. கிருமி சாதி பார்க்கவில்லை. ஆனால் நெரிசலான குடியிருப்பு, பட்டினி, மருத்துவரின் தூரம் இவையெல்லாம் சாதி பார்த்தன.

61.6 என்ற அந்த எண்ணைத் தவிர அவர்களைப் பற்றி நம் கையில் இருப்பது மிகக் குறைவு. எந்தச் சந்தில் வாழ்ந்தார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள், யார் தூக்கிப் போனார்கள் என்று சொல்ல ஒரு குரல் இல்லை. நம் காலத்திலோ அந்த எண்கூட இல்லை. 2020-இல் தினமும் மாலை வந்த அறிக்கையில் இறந்தவரின் வயது இருந்தது, ஆணா பெண்ணா என்பது இருந்தது, மாவட்டம் இருந்தது, சர்க்கரையா இரத்த அழுத்தமா என்பதும் இருந்தது. சாதி இல்லை. 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. காலனி ஆட்சி எண்ணியதைக்கூட நம் ஆட்சி எண்ணவில்லை.

ஊர் அடங்கியது, சேரி முடங்கியது

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நான்கு மணி நேரத்தில் நாடே மூடப்பட்டது. 'ஊரடங்கு' என்றார்கள். ஊருக்கு அது சரியான சொல். பத்தாயத்தில் நெல்லும், வங்கியில் சம்பளமும், அடுத்தடுத்து அறைகளும் உள்ளவர் அடங்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் 'தனிமைப்படுத்திக்கொள்' என்றால் யார் எங்கே போவது? அடிக்கடி கை கழுவு என்றார்கள். எங்கள் தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது.

ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசியும் டோக்கன் போட்டுக் கொடுத்தார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் கட்டடவேலையும் செங்கல்சூளையும் நின்ற வீட்டில் 1,000 ரூபாய் எத்தனை நாள் வரும்? ரேஷன் கடை ஊருக்குள் இருந்தது. வெளியூரார் வரக் கூடாதென்று ஊர்முனையில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டார்கள். சேரியிலிருந்து கடைக்குப் போகும் வழியும் அதுதான். மே மாதம் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, அங்கே மூட்டை தூக்கியவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் பக்கம் திரும்பியபோது 'கோயம்பேட்டுக்காரன்' என்பது புதிய வசைச்சொல்லானது. அறுவடைக்கு நம் கை தீட்டில்லை. தெருக்குழாயில் குடம் வைத்தால் மட்டும் தொற்று.

மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். தாய் இறந்த செய்தி வந்தவர் கையில் பட்டன் போன் இருந்தால் என்ன செய்வார்? 2020 செப்டம்பரில் முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அபராதம் வந்தது. காரில் போனவருக்கு 200 ரூபாய் ஒரு தேநீர்ச் செலவு. மீன்கூடை சுமந்த பெண்ணுக்கு அது அன்றைய கைமுதல். லத்தி ரசீது கொடுக்காது என்பதால் அதன் கணக்கு எங்கும் இல்லை. சாத்தான்குளத்தில் கடையைத் தாமதமாக மூடினார்கள் என்று 2020 ஜூனில் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. அன்று நாடு அதிர்ந்தது. சேரிகள் அதிரவில்லை, காவல் நிலையத்தின் உள்பக்கம் நமக்குப் புதிதல்ல. ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. முதுகில் விழுந்ததைத் திரும்பப் பெற அரசாணை இல்லை.

ஒரு சின்ன விஷயம். அந்த நாட்களில் எங்கள் பக்கத்து டீக்கடையில் எல்லோருக்கும் பேப்பர் கப். அதுவரை அது சேரிக்காரருக்கு மட்டும் என்று இருந்தது. முதல்முறையாக ஊர்க்காரரும் அதிலேயே குடித்தார்கள். கொரோனா சமத்துவம் கொண்டுவந்துவிட்டது என்று எங்கள் பையன்கள் கேலி பேசினார்கள். தொற்று தணிந்ததும் கண்ணாடி கிளாஸ் திரும்பி வந்தது, ஊர்க்காரருக்கு. பேப்பர் கப் நம்மிடமே தங்கிவிட்டது.

விதி யார் கையில்?

இந்த இரண்டு ஆண்டுகளின் சாரத்தை ஒரே நிகழ்வில் சொல்ல வேண்டுமென்றால் ஒட்டனந்தலைச் சொல்லலாம். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கிராமம். 2021 மே மாதம் தலித் மக்கள் தங்கள் தெய்வத்துக்குத் திருவிழா எடுத்தார்கள். ஊரடங்கு விதிப்படி அது மீறல்தான். போலீசார் வந்தார்கள், கூட்டத்தைக் கலைத்தார்கள். சட்டத்தின் வேலை அங்கே முடிந்தது. பிறகு சாதிப் பஞ்சாயத்து கூடியது. வயது முதிர்ந்த மூன்று பேரைக் காலில் விழவைத்தது. அந்தக் காட்சி பரவிய பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

யோசித்துப் பாருங்கள். ஆறடி தள்ளி நிற்க வேண்டிய காலத்தில் காலடியில் விழச் சொன்னார்கள். நோய்க்கு அஞ்சியவன் அப்படிச் சொல்வானா? அங்கே மீறப்பட்டதாக அவர்கள் கருதியது சுகாதார விதியை அல்ல, ஊரின் விதியை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்டதும், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் இன்னொரு தலைவர் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டதும் 2020-இல்தான். நாடே மூடிக் கிடந்தபோதும் சாதிக்கு விடுமுறை இல்லை.

இடுகாட்டையும் பாருங்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் விரட்டியபோது தமிழகமே தலைகுனிந்தது. குனிய வேண்டியதுதான். ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்பு வாணியம்பாடி பக்கம் பாதை மறுக்கப்பட்டு, பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி ஒரு தலித்தின் உடலை இறக்கினார்கள். அந்த மருத்துவர் குடும்பத்துக்கு ஒரே இரவில் நேர்ந்த கொடுமை, நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிணத்தோடு நிற்கும் அதே இடம்.

கைதட்டலும் கைதும்

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு முன்களப் பணியாளர்களுக்காக நாடு கைதட்டியது. துப்புரவுப் பணியாளர் இனி 'தூய்மைப் பணியாளர்' என்று சட்டமன்றத்தில் பெயர் மாற்றினார்கள். பாதபூஜை செய்து மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். மாலை போட்ட கை கையுறை தரவில்லை. தொற்று கண்ட வீட்டுக் குப்பையை எங்கள் தெருப் பெண்கள் ஒரே முகக்கவசத்தைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு அள்ளினார்கள். நகரம் முழுக்க வீட்டுக்குள் இருந்தபோது வெளியே வரும்படி கட்டளை பெற்றவர்கள் அவர்கள்.

2025 ஆகஸ்டில் அதே சென்னையில், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் உட்கார்ந்திருந்தவர்களை நள்ளிரவில் போலீசார் அப்புறப்படுத்தினார்கள். அவர்களில் பலர் பெருந்தொற்றில் தெருவில் நின்றவர்கள். கைதட்டலுக்கும் கைதுக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள்.

நாம் செய்ய வேண்டியது

நம் குறையையும் சொல்ல வேண்டும். நாம் அரிசி மூட்டை சுமந்தோம், படுக்கை தேடி இரவெல்லாம் போன் செய்தோம், 2020 ஏப்ரல் 14 அன்று வீட்டு வாசலிலேயே அண்ணல் படத்துக்கு மாலை போட்டோம். ஆனால் குறிப்பெடுக்கவில்லை. பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் நம் தெருவில் எத்தனைப் பிள்ளைகள் படிப்பை விட்டார்கள், எத்தனைப் பெண்கள் மில்லுக்குப் போனார்கள், எத்தனைப் பேருக்கு அவசரமாகக் கல்யாணம் முடித்தார்கள் என்று கேட்டால் நம்மாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் ஒரு போன் இருந்தது, அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது என்பது மட்டும் தெரியும்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். இந்த விடுமுறையில் உங்கள் சேரிக்குப் போய்ப் பத்து வீட்டில் உட்காருங்கள். அந்த இரண்டு ஆண்டும் என்ன சாப்பிட்டீர்கள், யார் வழியை அடைத்தார்கள், யாரிடம் கடன் வாங்கினீர்கள், இன்னும் வட்டி கட்டுகிறீர்களா என்று கேளுங்கள். அபராத ரசீதோ, ரேஷன் டோக்கனோ, மருத்துவமனைச் சீட்டோ இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் பெயரை எழுதுங்கள். எங்கே புதைத்தார்கள், யார் குழி வெட்டினார்கள் என்பதை எழுதுங்கள். குடும்பத்தார் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். நம் துயரம் நம் அனுமதியின்றி யாருக்கும் தரவு ஆகக் கூடாது. அடுத்த ஆண்டு இதே நாளில் அந்த நோட்டுகளோடு இங்கே கூடுவோம்.

அடுத்த கொள்ளைநோய் வரும். அப்போதும் முகம் மூடச் சொல்வார்கள். மூடிக்கொள்வோம், அது அறிவு. வாய்பொத்தச் சொன்னால் பொத்த மாட்டோம். 1918-இல் செத்தவர்கள் 61.6 ஆகிப் போனார்கள். நம் வாத்தியாரும் அவரோடு போனவர்களும் எண்ணாகக்கூட ஆகாமல் போய்விடக் கூடாது. நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதித் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.