எடின்பரோவும் ஊசித் தட்டுப்பாடும்

1980களின் தொடக்கத்தில், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரின் வடபாலுள்ள தொழிலாளர் குடியிருப்புகளில் ஹெரோயின் மலிந்தது. வேலையற்றிருந்த இளைஞர் பலர் அதனை ஊசிவழி ஏற்றிக்கொண்டனர். சிறிஞ்சு கிடையாதாயின் பழக்கமும் ஒழியும் எனக் கருதிய பொலிசார் அதன் விற்பனையை நெருக்கினர். சிறிஞ்சு விற்றுவந்த கடையொன்று விற்பனையை நிறுத்தியது, மருந்துக்கடைகள் தயங்கின, வைத்திருந்தோரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. ஹெரோயினோ குறையவில்லை. ஒரே சிறிஞ்சைப் பலர் மாறிமாறிப் பயன்படுத்தலாயினர். குழலுள் எஞ்சிய ஒருவர் குருதி அடுத்தவர் நாளத்துட் புகுந்தது.

இதன் விளைவை வெளிப்படுத்தியது ஒரு தற்செயல். மியூர்ஹவுஸ் பகுதி வைத்தியர்கள், ஈரலழற்சி பற்றி அறியும்பொருட்டுப் போதைப்பொருள் பாவிப்போரின் குருதி மாதிரிகளைச் சேகரித்திருந்தனர். எச்.ஐ.வி. வைரசைக் காட்டும் சோதனை 1985இல் கைக்கெட்டியதும் அம்மாதிரிகள் மீண்டும் ஆராயப்பட்டன. 1986இல் வெளிவந்த முடிவின்படி 164 பேருள் 51 சதவீதத்தினர் தொற்றுண்டிருந்தனர். தொற்று 1983இன் பிற்பகுதியிலேயே பரவத் தொடங்கிவிட்டது என்பதையும் அப்பழைய மாதிரிகளே புலப்படுத்தின. அண்மையிலுள்ள கிளாஸ்கோவிலும் ஹெரோயின் பாவனை மிக்கிருந்தது. ஆயினும் அங்கு தொற்று ஏறத்தாழ ஐந்து சதவீதமேயாகும். இவ்வேறுபாடு முழுவதையும் சிறிஞ்சுத் தட்டுப்பாட்டின் மீதே சுமத்துதல் மிகையாகலாம். வைரசு எந்நகரில் எப்போது நுழைந்தது என்பதும் கருதத்தக்கதே. எனினும், பகிர்தலைப் பெருக்கியதில் அத்தட்டுப்பாட்டின் பங்கை மறுத்தல் அரிது.

எடின்பரோவில் இவ்வாறு நிகழ, 1984இல் அம்ஸ்டர்டாமில் போதைப்பொருள் பாவிப்போரின் சங்கமொன்று நகரச் சுகாதாரப் பகுதியின் துணையுடன் பழைய ஊசிக்குப் புதியது வழங்கத் தொடங்கியிருந்தது. அவர்கள் அஞ்சியதும் ஈரலழற்சியையே. அறிஞர் குழுவினரன்றி, ஊசி ஏற்றியோரே அவ்வழியைக் கண்டனர் என்பது நம் வரலாற்று நூல்களில் எளிதில் இடம்பெறாத செய்தி.

ஸ்கொட்லாந்திலோ மக்லெலண்ட் தலைமையிலான குழு 1986இலேயே தூய ஊசி வழங்குமாறு பரிந்துரைத்தது. 1987இல் மாற்று நிலையங்கள் பரீட்சார்த்தமாகத் திறக்கப்பட்டன. வாய்வழி அருந்தும் மெதடோனும் பின்னர் பரவலாகியது. போதைப்பொருட் பாவனையினும் எச்.ஐ.வி. பரவுதலே பெருங்கேடு என 1988இல் பிரித்தானிய அரசின் ஆலோசனைச் சபை வெளிப்படையாகக் கூறியது. புதிய தொற்றுகள் குறைந்தன. பயன்தரு கூட்டுமருந்துச் சிகிச்சை 1996ஆம் ஆண்டளவிலேயே வந்தது. 1983இலும் 1984இலும் தொற்றுண்ட மியூர்ஹவுஸ் இளைஞருட் பலர் அதற்கு முன்னரே இறந்துவிட்டனர்.