ஒரு பொத்தானின் தாமதம்: சுழல் ஒலிபெருக்கியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சென்ற மாதம் எங்கள் விடுதியின் இசைக்குழு நண்பர் ஒருவர், தாம் வாங்கிய மேடைக் கீபோர்டை வாசித்துக் காட்டினார். ஆர்கன் ஒலியைத் தெரிவுசெய்து, வேகத்தை மாற்றும் 'ரோட்டரி' பொத்தானை அழுத்தினார். ஒலியின் சுழற்சி உடனே வேகம் பிடிக்கவில்லை. மெல்ல ஏறி, சில நொடிகள் கழிந்த பின்னரே நிலைகொண்டது. மீண்டும் அழுத்தியபோது அதே போல் மெல்லத் தளர்ந்தது. "பொத்தான் சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது" என்று சொல்லி, பட்டியலுக்குள் சென்று முடுக்க நேரத்தை ஆகக் குறைந்த அளவுக்கு மாற்றிவிட்டார். அவர் நீக்கிய அந்தச் சில நொடிகளுக்கு எண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் பற்றியதே இப்பதிவு.

முதலில் ஆர்கன். கடிகாரங்களுக்கான ஒத்தியங்கு மின்மோட்டாரை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் லாரன்ஸ் ஹாமண்ட், அதே மோட்டாரின் மாறாச் சுழற்சியைக் கொண்டு இசை ஒலிகளை உண்டாக்கும் ஆர்கனை 1935-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். தேவாலயங்களின் குழாய் ஆர்கனுக்கு மலிவான மாற்றாக அது முன்வைக்கப்பட்டது. குழாய் ஆர்கனின் எல்லா ஒலிவண்ணங்களையும் அது தரும் என்ற விளம்பரம் வழக்கில் முடிந்தது. அவ்வாறு கூறக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1938-இல் உத்தரவிட்டது. குறை எங்கிருந்தது? குழாய் ஆர்கனில் ஒவ்வொரு சுரமும் ஒவ்வோர் இடத்திலிருந்து எழுகிறது. காற்றின் ஓட்டத்தில் இயல்பாகவே சிறு அசைவுகள் இருக்கும். ஹாமண்டின் கருவியிலோ எல்லாச் சுரங்களும் ஓர் ஒலிபெருக்கியின் வழியே, அசைவற்று வெளிவந்தன.

இக்குறையை வீட்டில் உணர்ந்தவர் டொனால்ட் லெஸ்லி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வானொலி பழுதுபார்க்கும் பணியில் இருந்த அவர், 1937-இல் ஒரு ஹாமண்ட் ஆர்கனை வாங்கினார். கடையின் விசாலமான கூடத்தில் இனிமையாக ஒலித்த கருவி, வீட்டு அறைக்குள் வந்ததும் வறண்டு போயிற்று. ஒலி வெளிவரும் இடத்தையே நகர்த்தினால் என்ன என்று அவர் எண்ணினார். பல சோதனைகளுக்குப் பின், 1940-ஐ ஒட்டி, ஒலிபெருக்கியின் முன் சுழலும் அமைப்பொன்றை உருவாக்கி ஹாமண்ட் நிறுவனத்திடம் காட்டினார். நிறுவனம் ஏற்கவில்லை. லெஸ்லி தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கிப் பெட்டிகளைத் தயாரித்தார். ஹாமண்ட் விற்பனையாளர்கள் லெஸ்லி பெட்டியை விற்கக் கூடாது என்ற தடை நெடுங்காலம் நீடித்தது. ஆனாலும் ஆர்கன் வாசித்தவர்கள் அவ்விரண்டையும் தாமே இணைத்துக்கொண்டனர். கறுப்பினத்தவரின் தேவாலயங்களிலும், ஜாஸ் மேடைகளிலும், பின்னர் ராக் இசையிலும் 'ஹாமண்ட் ஒலி' என்று உலகம் அறிந்தது, ஹாமண்ட் விரும்பாத பெட்டியின் வழியாக வந்த ஒலியே.

அப்பெட்டியின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். புகழ்பெற்ற 122 என்ற மாதிரியில் ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஏறத்தாழ 800 ஹெர்ட்சுக்கு மேற்பட்டவை மேல்தட்டில் சுழலும் கொம்பின் வழியே வெளிவருகின்றன. பார்வைக்கு இரண்டு கொம்புகள் இருந்தாலும் ஒலி ஒன்றில்தான் வரும். மற்றது எடையைச் சமன்செய்வதற்கானது. தாழ்ந்த ஒலிகள் 15 அங்குல ஒலிபெருக்கியிலிருந்து கீழ்நோக்கி, சுழலும் உருளைக்குள் பாய்கின்றன. கொம்பும் உருளையும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்கின்றன. வேகநிலையில் கொம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்றுகள் சுற்றும். கேட்பவரை நோக்கி வரும்போது சுருதி ஏறுகிறது, விலகும்போது இறங்குகிறது. 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் விண்மீன்களைப் பற்றிச் சொன்னதும், 1845-இல் நெதர்லாந்தில் பாய்ஸ் பாலட் ஓடும் ரயிலில் இசைக்கலைஞர்களை ஏற்றிச் சோதித்ததும் இதே விளைவுதான். கொம்பின் வாய் மையத்திலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தொலைவில் சுற்றுவதாகக் கொண்டு கணக்கிட்டால், சுருதியின் ஏற்ற இறக்கம் இருபுறமும் சுமார் 2 சதவீதம். அதாவது அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனுடன் ஒலியளவும் ஒலியின் நிறமும் சேர்ந்தே மாறுகின்றன.

மொழியியல் மாணவனாக என்னை ஈர்த்தவை இதன் பெயர்கள். 1949-இல் லெஸ்லிக்கு வழங்கப்பட்ட காப்புரிமையின் தலைப்பில் 'டிரெமுலண்ட்' என்ற சொல் வருகிறது. அது குழாய் ஆர்கனில் காற்றை அலைக்கழித்து நடுக்கம் உண்டாக்கும் உறுப்பின் பழைய பெயர். தொடக்கக் காலப் பெட்டிகளில் சுழற்சி, நிறுத்தம் என்ற இரண்டே நிலைகள் இருந்தன. பின்னர் மெதுவான சுழற்சி சேர்க்கப்பட்டபோது, வேகநிலை 'டிரெமொலோ' என்றும் மெதுநிலை 'கொரால்' என்றும் வழங்கின. முன்னது நடுக்கத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல். பின்னது ஜெர்மானியத் திருச்சபைப் பாடல் வகையின் பெயர். இரண்டும் வேகத்தைச் சுட்டும் சொற்கள் அல்ல. ஒலி எதைப் போல் கேட்கிறது என்பதைச் சுட்டுபவை. இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலும் 'ஸ்லோ', 'ஃபாஸ்ட்' என்றே காண்கிறோம். 'லெஸ்லி' என்பது வணிகப் பெயராதலால் பிற நிறுவனங்கள் 'ரோட்டரி', 'ரோட்டர்' என்று எழுதுகின்றன. வாசிப்பவர்களோ எந்த நிறுவனத்தின் கருவியானாலும் 'லெஸ்லி' என்றே சொல்கின்றனர். ஹாமண்ட் ஏற்க மறுத்தவரின் பெயர், ஹாமண்டே இல்லாத கருவிகளிலும் பொதுப்பெயராகிவிட்டது. லெஸ்லியின் நிறுவனம் 1965-இல் சிபிஎஸ்-இன் கைக்குச் சென்றது. 1980-இல் அதனை வாங்கியது ஹாமண்ட் நிறுவனமே.

இனி, தாமதத்துக்கு வருவோம். ஆர்கனின் விளிம்பில், இடக்கை எட்டும் இடத்தில், அரைவட்ட வடிவச் சுவிட்ச் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். வாசிப்பவர் அதைத் தள்ளினால் பெட்டிக்குள் மெதுமோட்டார் நின்று வேகமோட்டார் இயங்கும். எடை குறைந்த கொம்பு ஏறத்தாழ ஒரு நொடியில் வேகம் பிடிக்கும். கனமான உருளைக்கு நான்கைந்து நொடிகள் தேவை. ஆகவே மேல் ஒலிகள் முன்னே விரைய, கீழ் ஒலிகள் பின்தங்கித் தொடரும். நிலைமம் என்ற இயற்பியல் கட்டாயத்தால் விளைந்த இக்குறையைக் கலைஞர்கள் தம் வசப்படுத்தினர். பாடலின் உச்சம் வரும் முன்பே சுவிட்சைத் தள்ளி, உச்சத்தில் வேகம் வந்து சேருமாறு வாசித்தனர். வேகநிலையிலோ மெதுநிலையிலோ அன்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில்தான் அக்கருவி பேசியது எனலாம்.

பேச்சொலியியல் பயின்றோர்க்கு இது புதிதன்று. மெய்யொலியைச் செவி இனங்காண்பதில், அடுத்துள்ள உயிரொலியின் அதிர்வெண் நகர்வுக்குப் பெரும்பங்கு உண்டு என்று ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தார் 1950-களில் செயற்கைப் பேச்சைக் கொண்டு காட்டினர். 'ப', 'த', 'க' ஆகியவற்றை வேறுபடுத்தும் செய்தியில் பெரும்பகுதி சில பத்து மில்லிநொடிகளே நீடிக்கும் அந்நகர்வில் அடங்கியிருக்கிறது. நகர்வை அகற்றி உயிரொலியின் நிலையான பகுதியை மட்டும் ஒலித்தால் எஞ்சுவது வெறும் 'அ'.

சுழல் பெட்டிகளை மின்னணுவால் போலச் செய்தவர்களும் காலப்போக்கில் இதையே கண்டனர். 1960-களில் ஜப்பானில் உருவான யூனி-வைப் என்ற கருவியைப் பலர் சுழல் பெட்டிக்கு மாற்றாகப் பயன்படுத்தினர். 1969-இல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதனை வாசித்தார். அதில் வேகத்தை ஒரு பெடல் நேரடியாகக் கட்டுப்படுத்தியது. இனிமையான ஒலிதான், ஆனால் அங்கே பின்தங்கும் உருளை இல்லை. 2002-இல் ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித் முதலானோர் டாப்ளர் விளைவையும் லெஸ்லியையும் எண்ணியல் முறையில் உருவகப்படுத்தும் வழியை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். இன்றைய மேடைக் கீபோர்டின் பட்டியலைத் திறந்தால் கொம்பு, உருளை ஆகியவற்றுக்குத் தனித்தனியே மெதுவேகம், மிகுவேகம், முடுக்க நேரம், தளர்வு நேரம் என்ற அளவுகளைப் பல கருவிகளில் காணலாம். சுழல்வதற்கு உள்ளே எதுவும் இல்லை. நிலைமம் மட்டும் எண்களாக எஞ்சியிருக்கிறது.

கட்டுப்படுத்தும் முறையிலும் பழைய உடலின் தடம் தெரிகிறது. 1983-இல் வந்த மிடி நெறிமுறையில் மாடுலேஷன் சக்கரம் 0 முதல் 127 வரை மதிப்புகளை அனுப்பும். ஆனால் பல கீபோர்டுகள் இந்த 128 படிகளையும் பொருட்படுத்துவதில்லை. பாதியைக் கடந்தால் வேகம், கடக்காவிட்டால் மெது என்ற இரண்டாகவே எடுத்துக்கொள்கின்றன; இடைப்பட்ட தூரத்தைக் கருவியே தன் காலத்தில் கடக்கிறது. பெடலுடன் இணைத்தால், அழுத்தியிருக்கும் வரை மட்டும் வேகமா, ஒருமுறை அழுத்தினால் நிலைமாற்றமா என்பதையும் தெரிவுசெய்ய வேண்டும். பின்னதே பழைய அரைவட்டச் சுவிட்சின் இலக்கணம். கை தள்ளிவிட்டுச் சுரங்களுக்குத் திரும்பிவிடும்; பெட்டி மெல்லப் பின்தொடரும்.

வரலாறு பயில்வோர்க்கு இதில் ஒரு படிப்பினை இருப்பதாகக் கருதுகிறேன். ஆவணக் காப்பகங்களில் மட்டுமே கடந்த காலம் தேங்கியிருப்பதில்லை. ஒரு கீபோர்டின் பயனர் கையேட்டில், 'முடுக்க நேரம்' என்ற ஒற்றை வரியிலும் அது உறைந்திருக்கும். அதன் காரணம் மறக்கப்படும்போது, மரபு கோளாறாகத் தோன்றும், திருத்துவதும் எளிதாகிவிடும்.

நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். அவர் முடுக்க நேரத்தைப் பழைய அளவுக்கு மாற்றி, ஒரு பாடலின் இறுதியடிக்கு இரண்டு நொடிகள் முன்பாகவே பொத்தானை அழுத்திப் பார்த்தார். அடி முடியும் இடத்தில் வேகம் சரியாக வந்து சேர்ந்தது. பொத்தானைப் பற்றிப் பிறகு அவர் குறை கூறவில்லை.

மரப்பெட்டியும் சுழலும் கொம்பும் கொண்ட பழைய கருவியை வாசித்தவர்கள் இப்பதிவைப் படிக்க நேர்ந்தால், சுவிட்சை எப்போது தள்ளுவது என்று எவ்வாறு கற்றீர்கள் என்பதை எழுதினால் நன்றியுடையேன்.