சத்தம் போடுகிற கீபோர்டு

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை டிபன் முடித்து, பேப்பரை விரித்து உட்கார்ந்த நேரம் பார்த்துப் பையன் வந்து நின்றான். "அப்பா, எனக்கு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வேணும். கோடிங்குக்கு." கொஞ்சம் இடைவெளி விட்டு, "கேமுக்கும்."

இருக்கிற கீபோர்டில் இருபத்தாறு எழுத்தும் ஒழுங்காக விழுகிறதே, அப்புறம் எதற்கு என்றேன். "அது மெம்ப்ரேன்ப்பா, உங்களுக்குப் புரியாது" என்றான். விலை கேட்டேன். நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. சமையலறையிலிருந்து தங்கமணியின் குரல் வந்தது: "மிக்ஸி ஜார் மாத்தணும்னு ஆறு மாசமா சொல்றேன், அது யார் காதுலயும் விழல."

பையன் விடுவதாக இல்லை. ஹெட்போனை என் காதில் மாட்டி, யாரோ ஒருவர் அந்தக் கீபோர்டில் தட்டுகிற சத்தத்தைப் போட்டுக் காட்டினான். டக், டக், டக், டக். "எப்படி இருக்கு பாத்தீங்களா? கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சத்தத்தை நான் வருஷக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் மாதம் ஐம்பது ரூபாய் ஃபீஸ் கட்டிக் கேட்டிருக்கிறேன். அதற்கும் முன்னால், கும்பகோணத்தில் அத்தை வீட்டுத் திண்ணையில் ஓசியிலேயே கேட்டிருக்கிறேன். கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

அத்தையிலிருந்தே தொடங்குகிறேன். மாமா சீக்கிரமே போய்விட்டார். இரண்டு பெண் குழந்தைகள். அத்தைக்குத் தெரிந்த ஒரே தொழில் டைப்ரைட்டிங். ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று இரண்டு பழைய மெஷின்கள் வாங்கிப் போட்டு ஜாப் டைப்பிங் செய்தார். வக்கீல் நோட்டீஸ், மனு, பத்திர நகல், யாராவது பையனின் பயோடேட்டா. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்தப் பக்கக் கணக்கில்தான் இரண்டு பெண்களும் காலேஜ் முடித்தார்கள்.

அந்தத் தமிழ் மெஷினுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வெளியூரில் பிழைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா, 1886-ல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். பிழைப்புத் தேடி மலாயா, சிங்கப்பூர் என்று போனவர். பகலில் கம்பெனி உத்தியோகம். நம்மைப் போல ஆபீஸ் ஆணி பிடுங்கிய நேரம் போக மிச்ச நேரத்தில் அவர் மண்டையைக் குடைந்த கேள்வி ஒன்றுதான்: 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் எப்படி அடக்குவது?

அவர் கண்ட வழி, நகராத விசை. சாதாரணமாக ஒரு விசையை அடித்தால் எழுத்து விழும், உருளை ஓர் எழுத்து தள்ளிப்போகும். புள்ளிக்கும் கொம்புக்கும் அப்படித் தள்ளிப்போகாத விசைகளை வைத்தார். முதலில் புள்ளியை அடி, உருளை நகராது, அடுத்து 'க' அடி, அது புள்ளிக்குக் கீழே போய் உட்கார்ந்து 'க்' ஆகிவிடும். எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி பிறகு. மெஷினில் புள்ளி முதலில். ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமான் நிறுவனத்தில் அவருடைய 'பிஜோ' மெஷின்கள் தயாராகி வந்தன. பின்னால் எத்தனையோ கம்பெனிகள் தமிழ் மெஷின் செய்தன. அந்த நகராத விசை மட்டும் கடைசி வரை இருந்தது.

நான் பி.காம். சேருவதற்கு முன்பே அத்தை என்னை இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். "காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கையில டைப்பிங் இருந்தா எங்கயாவது ஒரு நாற்காலி கிடைக்கும்டா." தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பரீட்சை. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஆங்கிலத்தில் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், தமிழில் யளனகபக. இந்த வரியைப் படித்ததும் உங்கள் விரல் தானாக அசைந்தால் நீங்களும் நம்ம செட் :-)

முழுக்க இந்தியாவிலேயே தயாரான தட்டச்சுப்பொறியை 1955-ல் கோத்ரேஜ் கொண்டுவந்தது. சென்னை பெருங்குடியில் ஃபேசிட் ஆலை இருந்தது. கம்ப்யூட்டர் வந்தது, ஒவ்வொன்றாக அடங்கின. கோத்ரேஜ் 2009-ல் தயாரிப்பை நிறுத்தியது, 2011-ல் அது உலகப் பத்திரிகைகளில் செய்தியானது. அத்தையின் மெஷின்களை அதற்கு முன்பே பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் சத்தம் மட்டும் வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தது. எங்கே என்கிறீர்களா? எங்கள் பேங்க் கவுண்டருக்கு.

பேங்குகளுக்குக் கம்ப்யூட்டர் சுலபமாக வந்துவிடவில்லை. வேலை போய்விடும் என்று சங்கங்களுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதும்கூட. 1983 செப்டம்பரில் நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. அடுத்த வருஷம் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு, கிளைகளில் இயந்திரங்களை எப்படிக் கொண்டுவரலாம் என்று அறிக்கை கொடுத்தது. 1989-ல் அவர் தலைமையிலேயே இன்னொரு அறிக்கை. அப்படியும் வண்டி மெதுவாகத்தான் நகர்ந்தது. 1998 நவம்பரில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் என். விட்டல், பொதுத்துறை வங்கிகள் 2001 ஜனவரி 1-க்குள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தைக் கணினிக்கு மாற்றியாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் 2003-ல் கிளார்க்காகச் சேர்ந்தபோது லெட்ஜர்கள் அலமாரிக்குப் போய்விட்டன. கவுண்டரில் கனமான கீபோர்டுகள் உட்கார்ந்திருந்தன.

சென்னையின் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் செய்த 'டிவிஎஸ் கோல்டு' கீபோர்டுகள் அவை. ரயில்வே கவுண்டர், கம்ப்யூட்டர் சென்டர், பேங்க் என்று எங்கே போனாலும் அதுதான். ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனியாக ஒரு ஸ்விட்ச், ஜெர்மனியில் வேரூன்றிய செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் நீல ரகம். ஒரு ஸ்பிரிங், சிலுவை வடிவத் தண்டு, ஒரு தொடுதகடு. விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் கீழே போகும். பாதி வழியிலேயே எழுத்து பதிந்துவிடும், பதியும் இடத்தில் 'க்ளிக்' என்று சொல்லும். கடைசி வரை குத்த வேண்டியதில்லை.

எங்கள் கிளையில் ஒரு தலைமை காசாளர் இருந்தார். முத்துக் கோத்த மாதிரி லெட்ஜர் எழுதிய கை. ரிட்டயர் ஆக மூன்று வருஷம் இருக்கும்போது கையில் கீபோர்டைக் கொடுத்தார்கள். ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் அடிப்பார். கண் வவுச்சரை விட்டு நகராது, காது மட்டும் கீபோர்டில் இருக்கும். க்ளிக் கேட்டால்தான் அடுத்த எண்ணுக்குப் போவார். "தம்பி, அது ரசீது கொடுக்குதுப்பா. நான் கொடுத்தேன், அது வாங்கிக்கிச்சு" என்பார். மெக்கானிக்கல் கீபோர்டைப் பற்றி இதைவிடத் தெளிவாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வெளியுலகில் இதே காலத்தில் நடந்தது நேர்மாறு. ஐபிஎம் 1980-களில் செய்த மாடல் எம் கீபோர்டுகள் இரும்பு மாதிரி உழைத்தன. ஆனால் கம்ப்யூட்டர் வீட்டுச் சாமானாகி விலை இறங்க இறங்க, கீபோர்டிலும் கை வைத்தார்கள். நூறு ஸ்விட்சுக்குப் பதிலாக ஒரே ஒரு பிளாஸ்டிக் படலம், மேலே ரப்பர்க் குமிழ்கள். என் பையன் அலட்சியமாகச் சொன்னானே மெம்ப்ரேன், அது இதுதான். மலிவு, அமைதி, வருஷமானால் சவசவ.

2010-ஐ ஒட்டிக் காற்று திரும்பியது. கேம் ஆடுகிறவர்களும் புரோகிராமர்களும் பழைய ஸ்விட்சைத் தேடினார்கள். ரேசர் கம்பெனி 2010-ல் கொண்டுவந்த பிளாக்விடோவில் இருந்தது எங்கள் கவுண்டரில் இருந்த அதே செர்ரி நீலம். மலிவாகச் செர்ரி கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஆர்வலர்கள் நம்ம டிவிஎஸ் கோல்டை விசாரித்தார்கள்! அதே 2010 ஜூலையில் தமிழ்நாட்டுக்காரரான டி. உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியீட்டை அரசு ஏற்றது. அந்தக் குறியோடு 'கோல்டு பாரத்' வந்தது. செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் கெய்ல், கேட்டரான், அவுட்டெமு என்று சீனத் தயாரிப்புகள் வந்து விலை இன்னும் இறங்கியது. நாலாயிரத்துக்குள் என் பையன் கேட்க முடிந்தது அதனால்தான்.

அடுத்த ஞாயிறு உப்பலிலிருந்து மெட்ரோ பிடித்து பாரடைஸ் ஸ்டேஷனில் இறங்கினோம். சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ, செகந்திராபாத்துக்கு பார்க் லேனில் இருக்கும் செனாய் டிரேட் சென்டர் அப்படி. இனி முதல் கீபோர்டு வாங்கப் போகிறவர்களுக்கு, நான் அங்கே கற்றது:

அளவு: 104 விசை முழு அளவு. வலது பக்க எண்பகுதியை வெட்டிவிட்டால் 87. இன்னும் சுருக்கினால் 60 சதவீத ரகம், அதில் அம்புக்குறியும் மேல்வரிசை எஃப் விசைகளும் இன்னொரு விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் வரும். புரோகிராம் எழுதுகிற பிள்ளைக்கு முதல் கீபோர்டாக அது வேண்டாம். எங்கள் வீட்டுச் சண்டை 104-க்கும் 87-க்கும். எண்பகுதி இல்லாத கீபோர்டு கல்லாப்பெட்டி இல்லாத கடை என்பது என் கட்சி. மவுஸ் நகர்த்த இடம் வேண்டும் என்பது அவன் கட்சி. அவன் ஜெயித்தான். எண்களோடு வாழ்கிறவன் நான்தானே.

ஸ்விட்ச்: நீலம் க்ளிக் சொல்லும். பிரவுன் சத்தம் போடாமல் விரலுக்கு மட்டும் ஒரு சின்ன முட்டு கொடுக்கும். சிவப்பு வழுவழுவென்று இறங்கும், சுமார் 45 கிராம் அழுத்தம் போதும், வேகமான கேமுக்குப் பிடிக்கிறது. இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு நீலத்தில் தட்டினால் என்ன ஆகும் என்று தங்கமணி ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தாள். கழற்றி மாற்றும் ரகமாக வாங்கினால் சால்டரிங் இல்லாமல் பின்னால் ஸ்விட்சை மாற்றிக்கொள்ளலாம். முதல் கீபோர்டுக்கு அதுதான் காப்பீடு.

பல விசை: கேமில் மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்துவார்கள். பேங்க் கவுண்டரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. கடையிலேயே இரண்டு ஷிஃப்டையும் யாராவது அழுத்திப் பிடிக்க, ஒரு வாக்கியம் அடித்துப் பாருங்கள். எழுத்து விழாமல் போனால் வேண்டாம். டிவிஎஸ் கோல்டு வாங்குகிறவர்களும் இதைப் பார்த்துவிடுங்கள். பழையதில் செர்ரி இருந்தது, வாங்கப் போவதில் எந்த ஸ்விட்ச் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடி: ஏபிஎஸ் பிளாஸ்டிக் சீக்கிரம் பளபளத்துவிடும். பிபிடி நாள்படும். கலர் விளக்கு கண்ணுக்கு மட்டும்தான்.

கடைசியில் 87 விசை, பிரவுன், 3,200 ரூபாய். மிக்ஸி ஜாரும் அன்றே வாங்கப்பட்டது என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. பையனுக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி தெலுங்கு. தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டிப் படிப்பான், எழுத மாட்டான். இன்ஸ்கிரிப்ட் தளக்கோலம் என்று ஒன்று இருக்கிறது, அதில் தெலுங்கு 'க'வுக்கும் தமிழ் 'க'வுக்கும் ஒரே விசை. தமிழுக்கென்றே செய்தது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி முடிவானது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே வந்துவிடும். 'அம்மா' என்பதற்கு நாலே தட்டு: அ, ம, ம, ஆ. இரண்டையும் அவன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். தலையாட்டினான். தொடவில்லை.

லீவுக்குக் கும்பகோணம் போனபோது லேப்டாப்போடு கீபோர்டையும் பையில் தூக்கி வந்தான். நான் பழைய தட்டச்சுத் தளக்கோலத்தைப் போட்டு அத்தை முன்னால் வைத்தேன். எழுபத்துமூன்று வயது. கண்ணாடியைக் கூட மாட்டவில்லை. எஃப்பிலும் ஜேயிலும் இருக்கும் மேட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு மனுவின் தொடக்கத்தை, யாருடையது என்று தெரியாது, மடமடவென்று அடித்தார். புள்ளி முதலில், எழுத்து பிறகு.

பையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "பாட்டி, புள்ளிய ஏன் முன்னாடியே வைக்கிறீங்க?"

"அப்பத்தாண்டா எழுத்து அதுக்கு அடியில வந்து உக்காரும்" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. சத்தம் பத்தல."

ஹைதராபாத் திரும்பிய வாரம் அவன் நீல ஸ்விட்ச் விலை என்ன என்று கேட்டான். அதே ராத்திரி பாட்டியின் வாட்ஸப்புக்கு நாலு வரி போயிருந்தது. தமிழில், ஆறு பிழையோடு. அத்தை ஆறையும் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்.

பின்குறிப்பு: நீலம் வாங்கித் தருவதா வேண்டாமா என்பது தங்கமணியின் பரிசீலனையில் இருக்கிறது.