கப்பலேறி வந்த காரும் கூடவே வந்த காகிதங்களும்

சென்ற மாதம் நடைப்பயிற்சியின்போது நம் நகர் அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "சார், மகன் துபாயிலிருந்து மொத்தமா திரும்பி வாரான். ரெண்டு வருஷம் ஓட்டின காரு, புதுசு மாதிரி இருக்கு. கப்பல்ல ஏத்திக் கொண்டாந்துரலாமா?" வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் சில காலம் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். பதில் ஒரு வரியில் முடியாது. அதற்கு முக்கால் நூற்றாண்டுக் கதை உண்டு.

ஒரு காலத்தில் நம் நாட்டில் ஓடிய கார்கள் எல்லாமே வெளிநாட்டுக் கார்கள்தான். நம் மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1912 வாக்கில் தஞ்சாவூர்–புதுக்கோட்டை இடையே பஸ் விட்டார். பிற்பாடு ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனையாளராகி டி.வி.எஸ். நிறுவனத்தை வளர்த்தார். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலேயே பம்பாயில் உதிரிகளை இறக்கி வண்டி பூட்டத் தொடங்கியிருந்தது. அன்று பணம் இருந்தால் போதும், கார் வந்துவிடும்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. டாலரும் பவுனும் கையிருப்பில் குறைவு. உணவு தானியத்துக்கும் இயந்திரத்துக்கும் போக வேண்டிய பணம் காருக்குப் போகலாமா என்று அரசு கேட்டது. முழுக்கார் இறக்குமதி நின்றது. இங்கேயே தயாரிக்கத் திட்டமில்லாதவர்கள் வெளியேறட்டும் என்ற கொள்கை வந்ததும் 1950-களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அம்பாசடர், ஃபியட், நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் இவை மூன்றும்தான் மிச்சம். 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை பெரிதாக மாற்றமில்லை. நியாயமான கொள்கைதான் என்று அன்று நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மறுபாதி, முன்பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்ததால் மாறியது.

நான் கண்ணால் கண்டது எண்பதுகளின் பிற்பகுதியில். வளைகுடாவில் பல வருஷம் உழைத்துத் திரும்பிய மேலப்பாளையத்து வாடிக்கையாளர் ஒருவர் காரோடு வந்தார். அப்போது இறக்குமதி அனுமதி தனியாக வாங்க வேண்டும். சுங்கவரியை வெளிநாட்டுச் சம்பாத்தியத்திலிருந்து கட்டியதற்கு வங்கிச் சான்று வேண்டும். அந்தச் சான்றை டைப் அடித்தவன் நான். பாஸ்போர்ட்டில் உள்ள தேதி ஒன்று, நான் அடித்தது வேறொன்று. ஒரே ஓர் இலக்கம்! காகிதம் திரும்பி வந்து, திருத்தி, மறுபடி போவதற்குள் பத்து நாள். துறைமுகத்தில் நின்ற காருக்கு டெமரேஜ் தினமும் ஏறிக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "விடுங்க தம்பி, அரபு வெயில்ல பத்து நாள் சம்பளம்னு நினைச்சுக்கிடுதேன்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

2001 ஏப்ரலில் அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. பணம் இருந்தால் யாரும் கொண்டுவரலாம் என்றார்கள். ஆனால் பழைய காருக்கு நிபந்தனைகள்: தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே இறங்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் ஐம்பது கிலோமீட்டர்தான். இருந்தாலும் மும்பையில் இறக்கி, அங்கிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் கொண்டுவர வேண்டும்.

வரியும் ஏறியது. 2013 பட்ஜெட்டில் பழைய காருக்கு அடிப்படைச் சுங்கவரி 100-லிருந்து 125 சதவீதமானது. பத்து லட்ச ரூபாய் காருக்கு அந்த வரி மட்டும் அப்போது பன்னிரண்டரை லட்சமாக இருந்தது. ஜி.எஸ்.டி. வந்தபின் காரின் மதிப்போடு சுங்கவரியையும் கூட்டி, அந்தத் தொகைக்கு ஜி.எஸ்.டி.; வரிக்கு மேல் வரி. பிறகு நம் மாநில ஆயுள் வரி. 2023 நவம்பர் முதல் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அது 20 சதவீதம். ஷூமாக்கர் கையால் ஃபெராரி பரிசு பெற்ற டெண்டுல்கருக்கு அரசு சுங்கவரியைத் தள்ளுபடி செய்தபோது நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் ஃபியட் நிறுவனமே வரியைக் கட்டியது.

நம் மாநிலத்தில் பெரிய வழக்கு நுழைவு வரிக்காக நடந்தது. 1990-இல் போட்ட சட்டம் அது. வேறு மாநிலத்தில் வாங்கி இங்கே கொண்டுவரும் வண்டிக்குத்தானே அந்த வரி, கடல் கடந்து வந்ததற்கு ஏது என்பது இறக்குமதி செய்தவர்களின் வாதம். கேரளத்திலிருந்து போன வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம், இறக்குமதிச் சரக்குக்கும் மாநிலம் நுழைவு வரி போடலாம் என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து நுழைவு வரியே போய்விட்டிருந்தது. பழைய பாக்கி மட்டும் போகவில்லை. நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரோல்ஸ் ராய்ஸ் வழக்கில் 2021 ஜூலையில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒரு லட்சம் அபராதம் விதித்துக் கடுமையாகப் பேசியதும், 2022 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கடுஞ்சொற்களை நீக்கியதும் எல்லோரும் படித்ததே. நடிகருக்கு வக்கீல் உண்டு. ஊர் திரும்பும் சம்பளக்காரருக்கு யார்?

அண்ணாச்சியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "மகன் காருக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டேன். "இடப்பக்கம். துபாய்ல எல்லாம் அப்படித்தானே" என்றார். போன வாரம் மகன் அதை அங்கேயே விற்றுவிட்டாராம்.