கல்சியக் கால்வாய்த் தடுப்பிகள்

கல்சியக் கால்வாய்த் தடுப்பிகள் என்பவை இதயத் தசையிலும் நாடிச் சுவரின் மழமழப்பான தசையிலும் உள்ள கலங்களுக்குள் கல்சிய அயன்கள் புகுவதைக் குறைத்து, நாடிகளைத் தளர்த்தும் மருந்துகள். நிபெடிபின், அம்லோடிபின் ஆகியவை டைஹைட்ரோபிரிடின் வகையின. வெரப்பமில், டில்டியாசெம் ஆகியவை இதயத் துடிப்பையும் மந்தமாக்குபவை. 1960களில் ஜெர்மானிய உடற்றொழிலியலாளர் அல்பிரெக்ட் பிளெக்கன்ஸ்டைன் இச்செயலை விளக்கினார்.

நாடிகளில் கொலஸ்திரோல் படிவதிலும் இம்மருந்துகளின் விளைவு ஆராயப்பட்டுள்ளது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவு குருதிக் கொலஸ்திரோலை உயர்த்துகிறது. அது நாடிச் சுவரில் படியும்போது, உட்படலம் வெளிவிடும் நைத்திரிக் ஒக்சைட்டின் பயன் குறைந்து, நாடியின் விரிதிறன் கெடுகிறது.

1981இல் வெளியான ஆய்வில், கொலஸ்திரோல் ஊட்டிய முயல்களின் நாடிப் படிவுகளை நிபெடிபின் குறைத்தது. மனிதரில் விரிதிறன் மேம்பட்டபோதும், ஏற்கெனவே உருவான அடைப்புகள் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கவில்லை. ஆகவே இம்மருந்துகள் உயர் குருதியமுக்கத்துக்கும் இதய நெஞ்சுவலிக்குமே பெரிதும் பயன்படுகின்றன.