தசைச்சிதைவு நோய்: உடற்பயிற்சி செய்யலாமா, கூடாதா?

பிள்ளைக்குத் தசைச்சிதைவு நோய் (மஸ்குலர் டிஸ்ட்ரோபி) இருக்கிறது என்று தெரிந்ததும் நம் வீடுகளில் இரண்டு விதமான யோசனைகள் வரும். "நன்றாக ஓடவிடுங்கள், தசை தானாக பலப்படும்" என்பார் ஒருவர். "அசையவே விடாதீர்கள், இருக்கிற சக்தியும் போய்விடும்" என்பார் மற்றவர். இரண்டுமே பிள்ளைக்குக் கெடுதல்தான். அளவான பயிற்சி எது, அளவு மீறியது எது என்பதைப் பார்ப்போம்.

நோயின் தன்மை

தசைச்சிதைவு என்பது ஒரே நோயல்ல. ஆண் பிள்ளைகளுக்கு வரும் டுஷன், அதைவிட மெதுவாக முற்றும் பெக்கர், இடுப்பு-தோள் தசைகளைத் தாக்கும் லிம்ப் கர்டில் எனப் பல வகைகள் உண்டு. டுஷன் வகையில் தசை இழைகளைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உருவாவதில்லை. இந்தப் புரதம் 1987-ல் கண்டறியப்பட்டது. இது இல்லாததால் ஒவ்வொரு இழுவிசையிலும் தசையின் மேல் உறை கிழிகிறது. நாளடைவில் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்துவிடுகின்றன.

பிள்ளை தரையிலிருந்து எழும்போது, குறிப்பாக சஜ்தாவிலிருந்து நிலைக்கு வரும்போது, முழங்காலிலும் தொடையிலும் கை ஊன்றி ஊன்றி எழுகிறானா என்று கவனியுங்கள். பலருக்கு முதலில் தெரியும் அடையாளம் இதுதான். இதைச் சோம்பேறித்தனம் என்று கண்டிக்காதீர்கள். ரத்தத்தில் சி.பி.கே. அளவைப் பார்த்தால் தசைப் பாதிப்பு தெரிந்துவிடும்.

எந்த வேலை தசையைக் கெடுக்கும்?

தசை சுருங்கும்போது ஏற்படும் பாதிப்பு குறைவு. பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான் பாதிப்பு அதிகம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் இறங்கும்போதுதான் தொடைத் தசை கூடுதலாகச் சேதமடைகிறது. தி. நகர், மயிலாப்பூர் பகுதிகளில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககங்களில் வசிப்பவர்கள் முடிந்தால் தரைத்தளத்துக்கு மாறுவது நல்லது. எடை தூக்குதல், தோப்புக்கரணம், குதித்தல், பள்ளி ஓட்டப்பந்தயம் ஆகியவை டுஷன் பிள்ளைகளுக்கு வேண்டாம். இதைப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

எந்தப் பயிற்சி உதவும்?

நெதர்லாந்தில் டுஷன் நோயுள்ள 30 சிறுவர்களிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. மோட்டார் துணையுடன் சுழலும் சைக்கிளைக் காலாலும் கையாலும் 24 வாரங்கள் மிதித்த பிள்ளைகளின் இயக்கத்திறன் பெரிதாகக் குறையவில்லை. பயிற்சி செய்யாதவர்களுக்குக் குறைந்தது. டென்மார்க்கில் பெக்கர் நோயாளிகள் 12 வாரங்கள், தடவைக்கு 30 நிமிடம் மிதமாக சைக்கிள் மிதித்ததில் அவர்களுடைய தாங்குதிறன் நன்கு உயர்ந்தது. தசைச் சேதம் கூடியதாகத் தெரியவில்லை. இந்த ஆய்வு 2008-ல் வெளியானது. இவை சிறிய ஆய்வுகள். பயிற்சி நோயைக் குணப்படுத்தாது. ஆனால் அசையாமல் இருப்பதால் வரும் கூடுதல் நலிவை அது தடுக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை:

- கெண்டைக்கால், பின்தொடைத் தசைகளை மெதுவாக நீட்டிவிடுதல். இதைத் தினமும் செய்ய வேண்டும். மூட்டுகள் மடங்கிப் போவதைத் தள்ளிப்போட இது உதவும்.
- சுமை வைக்காத சைக்கிள், துணைக்கு ஆள் இருக்கும்போது நீச்சல்.
- சமதளத்தில் நடை. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா, பாண்டி பஜாரின் அகலமான நடைபாதை போன்ற இடங்கள் ஏற்றவை. பெசன்ட் நகர் கடற்கரை மணலில் கால் புதையும், விழவும் நேரும். சாலையோர நடைபாதையே போதும்.

அளவை அறிய எளிய வழி உண்டு. பயிற்சியின்போது பேச முடிய வேண்டும். மறுநாளும் வலியோ அசதியோ நீடித்தால் அளவு அதிகம் என்று பொருள், குறைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

பல வகைகளில் இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படும். அதனால் இ.சி.ஜி., எக்கோ, மூச்சுத்திறன் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும். நோன்பு வைப்பது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நின்று தொழ முடியாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தப் பிள்ளை கூச்சப்படாமல் இருக்கப் பெரியவர்கள்தான் உதவ வேண்டும்.

எங்கே போவது?

கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் இயங்குகிறது. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. முதலில் நரம்பியல் மருத்துவரிடம் நோயின் வகையை உறுதிசெய்து, அந்த அறிக்கையுடன் பிசியோதெரபிஸ்ட்டிடம் செல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் தசைச்சிதைவு இடம்பெற்றுள்ளது. தமிழக அரசு இந்நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. அடையாள அட்டை பெற்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

தாயைக் குறை சொல்லாதீர்கள்

டுஷன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு அது புதிதாக ஏற்பட்ட மாற்றம்; தாயிடம் அது இருப்பதே இல்லை. இருந்தாலும் அது அவர் தேடிக்கொண்டதல்ல. லிம்ப் கர்டில் போன்ற வகைகளில் பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வருகிறது. சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடும். வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

நடக்கும் காலத்தை ஓராண்டு நீட்டித்தாலும் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது. இன்றே ஒரு நோட்டில் பயிற்சி நேரத்தையும் மறுநாள் அசதியையும் குறிக்கத் தொடங்குங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.