கில்ட்டும் பரிசலும்

நமது சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் கடைக்கே வந்து கேட்டார். கல்வெட்டு, செப்பேடு என்று எழுதப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீராம்புரத்தில் வேஷ்டி, லுங்கி விற்றே தலை நரைத்தவன் நான். எனக்குத் தெரிந்தது துணி. ஆகவே துணியில் தொடங்கி ஆற்றில் போய் முடிக்கிறேன், வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு ஓர் ஏரிக்குப் போயிருந்தோம். கல்லூரியில் படிக்கும் பேரன் கயாக் என்னும் ஒடுங்கிய படகில் துடுப்புப் போடப் பழகியவன். எனக்கும் ஆசை வந்து, வேஷ்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். அங்கிருந்த பையன், "பெரியவரே, வேஷ்டியோட ஏத்த மாட்டோம், பேண்ட் போட்டுட்டு வாங்க" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். பேரனுக்குத்தான் என்னைவிட அவமானம். அன்று ராத்திரி கைபேசியில் ஒரு படம் காட்டினான். கட்டம் போட்ட பாவாடை போன்ற கில்ட்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் படகு வலிக்கிறார். "தாத்தா, உங்க மாதிரியே ஒருத்தர்" என்றான். ஆறுதலுக்குச் சொன்னான், ஆனால் விஷயம் என்னை விடவில்லை.

கில்ட் முதலில் தைத்த உடையே அல்ல. ஒரு நீளக் கம்பளித் துணியை மடிப்பு வைத்து இடுப்பில் வாரால் இறுக்கி, மேல் பாதியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். நம் வேஷ்டியும் துண்டும் ஒரே துணியாக இருந்தால் எப்படியோ அப்படி. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்தான் மேல் பாதி போய், இடுப்புக்குக் கீழே மட்டும் நின்றது. இன்று விழாக்களுக்குக் கட்டும் கில்ட்டுக்கு 8 கெஜம் வரை போகும், அதாவது 16 முழம். நம்முடைய எட்டு முழம் அதில் பாதிதான்! ஸ்காட்லாந்து மலைநாட்டார் 1745-ல் கலகம் செய்தபின், ஆங்கில அரசு 1746-ல் சட்டம் போட்டு இந்த உடையையே தடுத்தது. 1782 வரை தடை. அரசுப் பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. உடையைக் கண்டு சிரிப்பது ஏரிக்கரைப் பையனோடு தொடங்கியதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த மலைநாட்டாரிடம் ஒரு படகும் இருந்தது. பெயர் கரக். வளைத்த குச்சிகளால் கூடை போலப் பின்னி, மேலே மாட்டுத்தோல் போர்த்தியது. ஓர் ஆள் முதுகில் தூக்கிப் போய்விடலாம். ஸ்பே என்ற ஆற்றில் வெட்டுமரங்களை மிதக்கவிட்டு ஓட்டிப்போக இதைப் பயன்படுத்தினார்கள். அப்படி ஒன்று எல்கின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைப் படித்ததும், "அட, இது நம்ம பரிசல் ஆச்சே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். காவிரிக்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கன்னடத்தில் ஹரிகோலு என்பார்கள். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், ஆனேகுந்திக்குப் போகும் துறையில் கூடை போன்ற வட்டப் படகுகளைக் கண்டு எழுதியிருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், மாடு குதிரையும் ஏறும், துடுப்புப் போடும்போது சுற்றிக்கொண்டே போகும் என்பது அவர் தரும் செய்தி. ஒகேனக்கல்லில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சுற்று தெரியும். (தோல் என்று படிக்கும்போது எங்கள் வழக்கத்துக்கு மனசு கூசத்தான் செய்கிறது. இப்போது தோல் போய்த் தாரும் பிளாஸ்டிக் தாளும் வந்துவிட்டன.)

கில்ட்டும் பரிசலும் நேருக்கு நேர் சந்தித்த ஆண்டு 1803. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-க்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அதிகாரியாக இருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு. 1803-ல் மராட்டியர்மேல் படை நடத்தியபோது மழைக்கால ஆறுகளைக் கடக்க அவர் நம்பியது இந்தக் கூடைப் படகுகளைத்தான். ஆகஸ்ட் 12 அன்று அகமதுநகர் கோட்டை பணிந்தது. அதே மாதம், காட்டில் வெட்டிய குச்சிகளைப் பின்னி மாட்டுத்தோல் போர்த்திய படகுகளில் அவர் படை கோதாவரியைக் கடந்தது. அந்தப் படையில் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். கூடவே 78-ஆம் ஹைலாண்டர் படையும் இருந்தது. அடுத்த மாதம் 23-ஆம் தேதி அசாயே போரில் அந்த 78-ஆம் படையார் கில்ட் உடுத்தே நின்றார்கள் என்று படை வரலாறு எழுதியோர் கூறுவர்.

இவ்விரண்டு நாட்டுப் படகுகளையும் முறையாக ஆராய்ந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்து 1924-ல் ஓய்வு பெற்றவர். இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920-ல் நூல் வெளியிட்டார். பிறகு தென்னிந்தியப் பரிசலைப் பற்றி எழுதினார். அதன்பின் தன் நாட்டுக்குப் போய் அங்குள்ள கூடைப் படகுகளைப் பற்றி 1938-ல் ஒரு நூல் செய்தார். மீன்துறை அலுவலை முடித்தோம், பென்ஷன் வாங்கினோம் என்று இல்லாமல் ஆற்றங்கரை ஆற்றங்கரையாகத் திரிந்த மனுஷர். அவருக்கு நம்மவர்கள் ஒரு மலராவது போட்டிருக்க வேண்டும்.

சரி, கட்டிய துணியோடு துடுப்புப் போடலாமா? பரிசலில் தாராளமாகப் போடலாம். வாய் அகலம், முட்டி போட்டோ குந்தியோ உட்காரலாம், வேஷ்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டினால் கால் தடையில்லை. நனைந்தால் பிழிந்து உதறினால் தீர்ந்தது. கம்பளிக் கில்ட் நனைந்தால் கனக்கும், காய நாளாகும். அந்த வகையில் நம் பருத்திதான் மேல். ஆனால் கடலில் கட்டுமரம் ஓட்டியவன் வேஷ்டிகூடக் கட்டவில்லை, கோவணம்தான். அலை மேலேறி வரும் இடத்தில் துணி குறைவாக இருப்பதே அறிவு.

கயாக் வேறு ஜாதி. இடுப்பளவு துளைக்குள் காலை நீட்டிச் சொருகிக்கொள்ள வேண்டும். கவிழ்ந்தால் கண நேரத்தில் வெளியே வரவேண்டும், துணி சுருண்டு காலைப் பின்னினால் ஆபத்து. ஆக அந்தப் பையன் சிரித்தது தப்பு, தடுத்தது சரி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இதில் வேடிக்கை, தண்ணீர் உள்ளே புகாமலிருக்க இடுப்பில் மாட்டித் துளையின் விளிம்போடு பொருத்தும் ஒரு ரப்பர்த் துணி உண்டாம். ஆங்கிலத்தில் அதற்குப் பாவாடை என்றே பெயர். "அப்ப நீயும் பாவாடைதானேடா கட்டற?" என்று கேட்டேன். பேரன் பதில் சொல்லவில்லை.

தை மாதம் அவனே ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போனான். பரிசல்காரர் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், எங்களுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். நான் வேஷ்டியோடு ஏறினேன். "உள்ளே வந்து நடுவுல குந்துங்க அய்யா" என்றார், அவ்வளவுதான். நடு ஆற்றில் பேரன் துடுப்பை வாங்கிப் போட்டுப் பார்த்தான். கயாக் பழக்கத்தில் பக்கவாட்டில் வலித்தான், பரிசல் நின்ற இடத்திலேயே ஏழெட்டுச் சுற்று சுற்றியது. பரிசல்காரர் சிரித்துக்கொண்டே, முன்னால் நீரைக் கிழித்துத் தன் பக்கம் இழுக்கச் சொல்லிக்கொடுத்தார்.